ஏழாம் இயல்

ஜூலை 1, செவ்வாய்

ஆவுடையப்பன் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். என் ஆய்வு வழிகாட்டி அவர், துறைத்தலைவரும் அவரே. பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி, மாட்டினால் கெட்ட செய்தி. மாட்டினார்.

"உலகம்மை, இந்த மாசக் கடைசியில உனக்குக் கமிட்டி. போன தடவையே தள்ளிப் போட்டாச்சு. இந்தத் தடவையும் நூலடைவு இல்லாம வந்து நின்னேன்னா பதிவை ரத்து பண்ணிருவாங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா, பாத்துக்கோ."

நூலடைவு என்றால் வெறும் பட்டியல் இல்லை. என் தலைப்பு 'தென் மாவட்ட வாரச் சந்தைகளில் பெண் வணிகர்'. சந்தைகளைப் பற்றி இதுவரை வந்த நூல்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் அதில் என்ன இருக்கிறது, எனக்கு அது எதற்கு உதவும் என்று எட்டு வரிக் குறிப்புரை எழுத வேண்டும். அதாவது, அவற்றைப் படித்திருக்க வேண்டும். மொத்தம் அறுபத்திரண்டு நூல்கள்.

பதிவு ரத்தானால் பழைய வேலைக்குப் போகலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்தேன். பிரிவு உபசார விழாவில் தாளாளரைப் பற்றி மனம் திறந்து இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தேன். கைதட்டல் பிரமாதம். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளியும் என் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. முப்பத்து நான்கு வயதில் எனக்கு இருப்பது இந்த ஆய்வும், விடுதியில் ஒரு கட்டிலும்தான்.

வாளியில் துணி ஊறுகிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 4, வெள்ளி

நான்கு நாளில் ஒரே ஒரு நூலை முடித்தேன். இந்த வேகத்தில் போனால் நூலடைவு முடியும்போது நான் ஓய்வு பெறும் வயதில் இருப்பேன்.

ஆனால் இன்று ஒரு வழி பிறந்தது. நம் தமிழ்ப் புத்தகங்களின் அருமை இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை எல்லாம் தாண்டித்தான் நூலுக்குள் போக வேண்டும். அந்த அணிந்துரையில் என்ன இருக்கிறது? 'முதல் இயலில் ஆசிரியர் இன்னது கூறுகிறார், இரண்டாம் இயலில் இன்னது விளக்குகிறார்' என்று கடைசி வரை சுருக்கமாகச் சொல்லி, முடிவில் ஆய்வுலகம் வரவேற்கும் என்று வாழ்த்தும் இருக்கிறது. நமக்காக ஒரு பெரியவர் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறார். அதையே நாம் மறுபடியும் படிப்பது அவரை அவமதிப்பது.

ஒரே மதியத்தில் ஐந்து நூல்கள் முடிந்தன.

இரவுச் சாப்பாட்டில் இதைப் பேச்சித்தாயிடம் சொன்னேன். என் அறைத்தோழி, விலங்கியல். ஆற்று நண்டுகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். முழங்கால் வரை சேறோடுதான் அறைக்குத் திரும்புவாள்.

"யக்கா, எங்க துறையில நண்டைப் பாக்காம நண்டைப் பத்தி எழுத முடியாது."

"உங்க நண்டுக்கு யாரும் அணிந்துரை எழுதலயே, அதான்" என்றேன்.

ஜூலை 5, சனி

ஒன்பது நூல்கள். துணி துவைத்தேன், நாலு நாள் ஊறியதில் நாற்றமே வந்திருந்தது.

ஜூலை 9, புதன்

முப்பத்தெட்டு முடிந்தது. இன்று எழுதியதில் எனக்கே பிடித்தது 'சந்தைக்கு வந்த ஊர்கள்'. பேராசிரியர் சாலமோன் தங்கதுரை எழுதி, பத்தொன்பது வருடங்களுக்கு முன் வந்த நூல். அணிந்துரை எழுதியவர், மறைந்த புலவர் சிவனணைந்தான். இந்த வட்டாரத்தில் அவருடைய அணிந்துரை இல்லாமல் புத்தகம் வந்ததில்லை. கல்யாணத்துக்கு மேளம் மாதிரி. என் குறிப்புரையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'ஏழு இயல்களைக் கொண்ட இந்நூலின் மணிமுடி ஏழாம் இயல். கூறு வைத்து விற்கும் பெண்களின் வாழ்வை ஆசிரியர் உள்ளம் உருகும் வண்ணம் எடுத்துரைக்கிறார். பெண் வணிகரைப் பற்றிய முதல் விரிவான பதிவு இதுவே எனலாம். இவ்வாய்வுக்கு இவ்வியல் பெருந்துணை.'

'மணிமுடி' புலவருடையது. 'எனலாம்' என்னுடையது.

ஜூலை 14, திங்கள்

ஐயாவிடம் வரைவைக் கொடுத்து இரண்டு நாள் ஆகிறது. இன்று கண்ணாடியைக் கழற்றினார்.

"ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு." வரைவு நான் வைத்த இடத்திலேயே, அதே ரப்பர் பேண்டோடு, மேசை மூலையில் இருந்தது. மேலே ஒரு டீக் கோப்பையின் வட்டம் மட்டும் புதிது.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். கமிட்டிக்கு வெளியிலிருந்து ஒரு வல்லுநர் வர வேண்டும். யார் வருகிறார்?

"நம்ம தங்கதுரை சார்தான். நாகர்கோவில்ல இருந்து வாராரு. அவர் புஸ்தகத்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் தாராளமா எழுது. அந்த ஏழாவது இயல் இருக்குல்ல, அதுல இருந்து ஒரு மேற்கோள் எடுத்துப் போடு. மனுசன் குளிர்ந்துருவாரு. நான்கூட என் கட்டுரையில எடுத்தாண்டிருக்கேன். நூத்து நாப்பத்து மூணாம் பக்கம்."

கமிட்டிக்கு வருகிறவர் கையில் நூலடைவைக் கொடுத்தால் அவர் முதலில் தேடுவது தன் பெயரைத்தான். எல்லாத் துறையிலும் இதுதான் வழக்கம். ஆகவே மேற்கோள் அவசியம். ஆகவே நாளை அந்த நூலைத் திறந்தாக வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

நூலில் ஆறு இயல்கள்தான் இருக்கின்றன.

முதலில் பக்கம் கிழிந்திருக்கிறது என்று நினைத்தேன். நூலகரிடம் போய், சமூகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது, புத்தகத்தில் பக்கம் கிழிக்கிறார்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே வருத்தப்பட்டேன். அவர் இரண்டாவது பிரதியைக் கொண்டு வந்து வைத்தார். அதிலும் ஆறு. உள்ளடக்கப் பக்கத்திலும் ஆறு. நூல் நூற்று இருபத்தெட்டாம் பக்கத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு பதிப்பகத்தின் வேறு வெளியீடுகளுக்கு ஒரு விளம்பரம், அப்புறம் அட்டை.

புலவர் சிவனணைந்தானின் அணிந்துரையில் மட்டும் ஏழாம் இயல் இருக்கிறது. முழுப் பக்கத்துக்குப் பாராட்டு.

இரவு பசிக்கவில்லை. உப்புமா என்பதும் ஒரு காரணம்.

ஜூலை 16, புதன்

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஐயாவின் கட்டுரை வந்த கருத்தரங்கத் தொகுப்பை எடுத்தேன். 'ஏழாம் இயலில் தங்கதுரை நிறுவுவது போல, பக். 143' என்று கம்பீரமாக இருக்கிறது. அதற்கு முந்தைய ஆய்வேடு ஒன்றில் அதே வாக்கியம். அதற்கும் முந்தையதில் அதே வாக்கியம். மொத்தம் நான்கு ஆய்வேடுகள்; நான்கு பேரும் இப்போது டாக்டர்கள். முதன்முதலில் 143 என்று எழுதியவருக்கு என் வணக்கம். நான் பக்க எண் இல்லாமல் விட்டதுபோல விட்டுவிடாமல், இல்லாத இயலுக்குப் பக்க எண்ணும் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் ஐயாவிடம் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தேன். "ஐயா, அந்த 143ஆம் பக்கத்தைப் பாக்கணும். உங்க பிரதி கிடைக்குமா?"

"எம் பிரதியை யாரோ வாங்கிட்டுப் போயி திருப்பியே தரலம்மா. நல்ல புஸ்தகம்னாலே அப்படித்தான்." கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, மாட்டவும் இல்லை. கையிலேயே வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

துணி காயும் வரை மொட்டை மாடியில் உட்கார்ந்து 'சந்தைக்கு வந்த ஊர்க'ளைப் படித்தேன். ஆறு இயல்களையும். வேறு வழியில்லாமல்தான்.

நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. எந்த ஊர்ச் சந்தைக்கு எந்த பஸ்ஸில் எந்தக் காய் வரும், மழை நாளில் யார் யாருடைய சாக்குக்குக் கீழே ஒதுங்குவார்கள், புதிதாக வந்தவளுக்கு எந்த மூலையில் இடம் விடுவார்கள் எல்லாம் எழுதியிருக்கிறார். புலவர் இதில் ஒன்றைக்கூடக் குறிப்பிடவில்லை.

ஆறாம் இயலின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் வருகிறாள். முதல் பஸ்ஸில் கறிவேப்பிலையும் மல்லியும் கொண்டு வந்து, சாக்கு விரித்துக் கூறு கூறாக வைப்பாள். எல்லாக் கூறும் விற்றுப் போகும். ஓரத்தில் வைத்த ஒரு கூறை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டாள். இரட்டை விலை சொன்னாலும் மாட்டாள். சந்தை கலையும்போது அதை அங்கேயே விட்டுவிட்டுப் போவாள். ஏன்? 'அதை அடுத்த இயலில் காண்போம்' என்று எழுதிவிட்டார் மனுஷர். பக்கத்தைத் திருப்பினால் விளம்பரம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள். ஒரு வாசகியை இப்படியா நடுச் சந்தையில் விட்டுப் போவது?

பேச்சித்தாயிடம் சொன்னேன். அவளும் ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி நின்றுவிட்டாள். "ஏங்கா விக்க மாட்டாளாம்?"

"தெரியாதுட்டி."

"படிச்சேன்னு சொன்னியே."

ஜூலை 22, செவ்வாய்

குறிப்புரையை என்ன செய்வது? நூலையே நீக்கிவிடலாம்; ஆனால் கமிட்டிக்கு வருகிறவரின் நூல் இல்லாத நூலடைவு இதுவரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கையெழுத்தானதாகக் கேள்விப்படவில்லை. 'பல இயல்களில் பல செய்திகள்' என்று வழவழவென்று எழுதலாம்; எழுதிப் பார்த்தேன், என் பழைய மாணவர்கள் தேர்வில் எழுதுவது போலவே இருந்தது. மணிமுடியை அப்படியே விடலாம். ஆனால் ஏழாம் இயல் இல்லை என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

உண்மையை எழுதினால் ஐயாவின் 143ஆம் பக்கம் சந்தி சிரிக்கும். அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் என் பதிவு போய்விடும்.

பேச்சித்தாய் நண்டின் கால்களை அளந்துகொண்டே யோசித்தாள். "யக்கா, பொய் எழுதுனா தங்கதுரை சார் கண்டிப்பாக் கண்டுபிடிச்சிருவாவ. உண்மைய எழுதுனா உங்க ஐயா கண்டுபிடிக்கணும். அதுக்கு அவிய படிக்கணும்லா?"

விலங்கியலில் இவளை வைத்திருப்பது வீண்.

ஜூலை 24, வியாழன்

எழுதிவிட்டேன். நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தப் பக்கத்தைக் கட்டின் மேலேயே வைத்து ஐயாவிடம் நீட்டினேன்.

"ஐயா, தங்கதுரை சார் நூலுக்கு மாத்தி எழுதியிருக்கேன். ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா..."

"நேத்தே பாத்துட்டேன்மா" என்று சான்றிதழ்ப் பக்கத்தைத் தேடிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அதை அச்செடுத்தது இன்று காலை பத்தரைக்கு.

ஜூலை 27, ஞாயிறு

தலை வலிக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது. நாளை கட்ட வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டேன். பழைய பள்ளித் தாளாளர் கனவில் வந்து, எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாயா என்று சிரித்தார்.

ஜூலை 28, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

துறைத்தலைவர் அறையில்தான் கூட்டம். ஐயா நடுவில். ஒரு பக்கம் பொருளியல் துறையிலிருந்து வந்த அம்மையார். அவர் தட்டில் இருந்த முந்திரிப் பக்கோடாவைத் தவிர வேறு எதிலும் தலையிடவில்லை. இன்னொரு பக்கம் தங்கதுரை சார். கட்டை உருவம், வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எதிரில் நான்.

நூலடைவைக் கையில் வாங்கியதும், நான் எதிர்பார்த்தபடியே, அவர் விரல் நேராகத் 'த' வரிசைக்குப் போயிற்று. படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தார்:

"'இந்நூலின் ஏழாம் இயல் குறித்து அணிந்துரையும், நான்கு ஆய்வேடுகளும், கட்டுரைகள் சிலவும் வியந்து பேசுகின்றன. நூலில் ஏழாம் இயல் இல்லை. இருக்கும் ஆறு இயல்களும் வியக்கத் தக்கவை. அவற்றைப் பற்றி எவரும் பேசவில்லை. கறிவேப்பிலை விற்கும் பெண் ஒரு கூறை விற்காமல் விட்டுச் செல்வதன் காரணத்தை அடுத்த இயலில் சொல்வதாக ஆசிரியர் வாக்களித்திருக்கிறார். அது இந்த ஆய்வாளருக்குத் தெரிந்தாக வேண்டும்.'"

பக்கோடா கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

ஐயா கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். ஆனாலும் அவர் துறைத்தலைவரானது சும்மா இல்லை. "அது வந்து சார், இந்தப் பொண்ணு பாத்தது முதல் பதிப்பு. நான் பாத்தது ரெண்டாம் பதிப்பு. அதுல அந்த இயல் இருக்கு."

தங்கதுரை சார் அவரை அன்போடு பார்த்தார். "ஆவுடையப்பன், முதப் பதிப்பே இன்னும் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமினேன். அம்மையார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"நான் ஏழாவது இயலை எழுதவே இல்லம்மா" என்றார் தங்கதுரை சார் என்னிடம். "எழுதப் போறேன்னு புலவர்ட்ட சொன்னேன். எழுதுன வரைக்கும் குடுத்தேன். அவரு நான் வாயால சொன்னதையும் சேத்துப் பாராட்டிட்டாரு. பதிப்பகத்துல அவசரப்பட்டு அச்சடிச்சுட்டாவ. பெறவு பாத்தா, பாக்குறவனெல்லாம் ஏழாவது இயல் பிரமாதம்ங்கான். அந்த நாலு ஆய்வேட்டுல ரெண்டுக்கு நான்தான் புறத்தேர்வாளர்."

"கேக்கலையா சார்?" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"கேக்கணும்னுதான் போனேன். ஆனா ரொம்ப நல்லா எழுதியிருந்தாவ. படிக்க எனக்கே சந்தோசமா இருந்துச்சு." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, இனியாவது எழுதிருவோம்னு உக்காருவேன். இவ்வளவு பேரு புகழ்ந்த பெறவு, அந்த அளவுக்கு வருமான்னு பயமா இருக்கும். எந்திரிச்சிருவேன்."

பத்தொன்பது வருடம். இல்லாத இயலோடு ஒரு மனுஷர் போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

பிறகு நூலடைவின் மற்ற பக்கங்களைப் புரட்டினார். என் இரக்கம் உடனே நின்றது.

"அறுபத்திரண்டு நூல். எல்லாத்தையும் இதே மாதிரிதான் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருப்பே, என்ன?"

"ஆமா சார்" என்றேன்.

கையெழுத்தானது. அறிக்கையில் 'ஒவ்வொரு நூலையும் ஆழ்ந்து பயின்று, அஞ்சாமல் மதிப்பிட்டுள்ளார்' என்று தம் கைப்பட எழுதினார். இதைப் பற்றி இன்னும் விரிவாக எழுதலாம். பேனாவில் மை குறைவாக இருக்கிறது.

வராந்தாவில் வழியனுப்பும்போது கேட்டேன், அந்த ஒரு கூறு எதற்கு என்று.

"எனக்கும் தெரியாதும்மா. கேட்டேன். அடுத்த வாரம் வா, சொல்லுதேன்னா. அடுத்த வாரம் எனக்கு விடைத்தாள் திருத்துற வேலை வந்துட்டு. போகல." காரில் ஏறியவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "அவ மக இப்பமும் அதே எடத்துலதான் சாக்கு விரிக்கான்னு கேள்வி. போயிப் பாக்கணும்."

ஜூலை 30, புதன்

ஐயா துறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "நான்தான் அந்தப் பொண்ணை அப்படி எழுதச் சொன்னேன். ஆய்வுன்னா துணிச்சல் வேணும்." என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தம் கட்டுரையிலிருந்து 143ஐ எடுத்துவிடலாமா என்று கேட்டார். தொகுப்பு அச்சாகி ஏழு வருடம் ஆகிறதே ஐயா என்றேன். கண்ணாடியை எங்கோ மறந்து வைத்துவிட்டார். ஆகையால் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மற்ற நூல்களையும் படித்துவிட வேண்டும் என்று உறுதி எடுத்தேன். ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். அணிந்துரை நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. 'சந்தைக்கு வந்த ஊர்கள்' மறுபடி வருகிறது, இந்த முறை ஏழாம் இயலோடு. தங்கதுரை சார் ஒரே நிபந்தனை போட்டாராம்: அணிந்துரை உலகம்மைதான் எழுத வேண்டும், முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஏழாம் இயலை அனுப்புங்கள் என்று சாருக்குப் போன் செய்தேன்.

"போன வாரம் சந்தைக்குப் போனேம்மா. பேய் மழை. சந்தையே கூடல. அடுத்த வாரம் போயி அவ மகளப் பாத்துட்டு, வந்து எழுதிருவேன்."

பதிப்பகத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பக்கங்கள் நாளைக்குள் அச்சுக்குப் போக வேண்டுமாம். அணிந்துரை இல்லாவிட்டால் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வார்களாம். வேறு யாரிடமாவது என்றால் யாரிடம் என்று எனக்குத் தெரியாதா? ஐயா விஷயம் தெரிந்ததிலிருந்தே பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்.

சாயங்காலம் எழுதி அனுப்பிவிட்டேன். 'நூலின் மணிமுடியான ஏழாம் இயலில், அந்த ஒரு கூறு யாருக்காக என்று பேராசிரியர் சொல்லும் இடத்தில் என் கண்கள் கலங்கிவிட்டன (பக். 143)' என்று ஒரு வரி. புதிய இயல் எப்படியும் நூற்று இருபத்தொன்பதில்தான் தொடங்கும். கொஞ்சம் நீளமாக எழுதச் சொல்லிக்கொள்ளலாம். நான்கு ஆய்வேடுகளும் ஐயாவின் கட்டுரையும் ஒரே அடியில் சரியாகிவிடும். மற்றபடி எதையும் மிகைப்படுத்தவில்லை.

பேச்சித்தாய் ஆற்றிலிருந்து வந்தவள், கால் சேற்றைக்கூடக் கழுவாமல் என் கணினித் திரைக்கு முன் நின்று முழுவதையும் படித்தாள்.

"யக்கா, அப்பம் அந்தக் கூறு யாருக்குத்தான்?"

"புஸ்தகம் வரட்டும்" என்றேன். "வாங்கிப் படிச்சுத் தெரிஞ்சுக்கோ."